விருந்தாளியாக இருந்தது போதும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, பழகிடும்." பழகத்தான் செய்கிறது. ஆனால் எதனால் பழகுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

நான் மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். நண்பகலிலும் 25 பாகையை அரிதாகவே தாண்டும் ஊர் அது. பட்டப்படிப்புக்குச் சென்னை போனேன். தமிழ் பேசும் ஊர்தானே, இவளுக்கு என்ன சிரமம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஆனால் 180 நாளுக்கு மேல் செல்லும் மாணவர் விசாவில் இந்தியா வருகிறவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவராகப் பதிவு செய்தாக வேண்டும். ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் அந்தப் பதிவுக்காக வரிசையில் நின்றபோது, தாத்தா பிறந்த மண்ணிலேயே நான் வெளிநாட்டுக்காரி என்பது உறைத்தது.

இந்திய நேரம் மலேசியாவுக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. என் கைபேசியில் நெடுநாள் மலேசிய நேரத்தையே வைத்திருந்தேன். மாலை ஐந்தரைக்கு வகுப்பு முடிந்து வரும்போது, இந்நேரம் அங்கே மணி எட்டு, அம்மா சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார் என்று மனம் கணக்குப் போடும். உடம்பு சென்னையில், உயிர் மலையில். விடுதியில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். நான்தான் விருந்தாளி போல ஒதுங்கி, ஊர் திரும்பும் தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாற்றம் வந்தது விடுதி மெஸ் கமிட்டியில் பெயர் கொடுத்த பிறகு. விடியற்காலையில் சமையல் மாஸ்டரோடு கோயம்பேடு சந்தைக்குப் போக வேண்டும். கேமரன் மலையில் தேயிலைக்கு நிகராகக் காய்கறித் தோட்டங்களும் உண்டு; முட்டைக்கோஸைப் பார்த்து வளராத பிள்ளை அங்கே இல்லை. அடிக்காம்பின் வெட்டு வெள்ளையாக, ஈரமாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். அமுக்கிப் பார்த்து, கனமானதாகப் பொறுக்கி எடுத்தேன். மாஸ்டர் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா மலேசியாப் பொண்ணு, அடுத்த வாரமும் நீயே வந்துடு" என்றார். அதற்குப் பிறகு சாம்பார் தண்ணீராக இருந்தால் தோழிகள் என்னைத்தான் பிடித்துத் திட்டினார்கள். விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை. அந்தத் திட்டில்தான் நான் அந்த ஊர்க்காரி ஆனேன்.

பொறுப்பேற்று ஊர்க்காரர் ஆகும் இந்த வழி எங்கள் தோட்டத்து முன்னோருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கேமரன் மலையில் போ (BOH) தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் தொடங்கியது 1929-இல். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்து வந்த தமிழர்களில் பலர், நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்றுதான் கப்பல் ஏறினார்கள். மலாயாவுக்குக் கூலிவேலைக்கு ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது. ஏற்கெனவே வந்து, திரும்பாமல் தங்கிவிட்டவர்கள் பட்ட பாட்டை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி குறைவு, லயத்து வீடு நெருக்கடி. அந்த நிலையிலும் வரி போட்டுக் கோயில் எழுப்பினார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள், அடுத்த வீட்டுச் சாவுக்குத் தோள் கொடுத்தார்கள். யாரும் கொடுக்காத பொறுப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டதால்தான் அந்த மண் அவர்களுடையதாயிற்று. இன்று அதே சரிவுகளில் வங்காளதேச, நேப்பாள இளைஞர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்களுக்கும் ஊர் நினைப்பு உண்டு.

அவர்களோடு ஒப்பிட்டால் படிக்கப் போகிறவரின் சிரமம் சிறியது; திரும்பும் தேதி கையில் இருக்கிறது. ஆபத்தும் அந்தத் தேதியில்தான். முடியப்போகிறது என்று தெரிவதாலேயே, வாழ வேண்டிய ஆண்டுகளைக் கழித்துத் தள்ளத் தோன்றுகிறது. இளமையின் நல்ல ஆண்டுகள் அவை, திரும்ப வராது.

ஆகவே, படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஊரை மறக்க வேண்டாம், வீட்டோடு பேசுவதைக் குறைக்கவும் வேண்டாம். போன இடத்தில் ஒரு சின்னப் பொறுப்பை முதல் மாதத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். மெஸ் கணக்கோ, நூலக வேலையோ, பக்கத்து அறைப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதோ, எதுவானாலும் சரி. ஒருநாள் நீங்கள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அங்கே யாராவது உங்களைத் தேட வேண்டும்.