செத்தவர் படம் யாருக்குச் சொந்தம்?

பிரேசிலின் அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்துபோனால் அவர் பெயரை யாரும் வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். அவர் புழங்கிய வில், கூடை, படுத்த தூளி எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். தடயம் மிஞ்சினால் இருப்பவர்களின் துக்கம் ஆறாது. படமும் தடயம்தான். ஆனால் இந்தச் சனத்தைக் காப்பாத்தினதிலே படத்துக்கும் பங்கு இருக்கு. சிக்கலே அங்கதான்.

கிளாடியா அந்துஜார் 1971இல் கேமராவோடு அங்கே போனவர். தகப்பனையும் தகப்பன்வழிச் சொந்தங்களையும் நாஜி முகாம்களில் பறிகொடுத்தவர். 1973இல் ராணுவ அரசு காட்டைக் கிழித்துச் சாலை போடத் தொடங்கியது. சாலையோடு தட்டம்மையும் வந்தது. சில ஊர்களில் பாதிச் சனம் செத்தது. 1980களின் தொடக்கத்தில் மருத்துவர்களோடு தடுப்பூசி போடப் போனார் அந்துஜார். பெயர் சொல்லாத மக்களுக்கு மருத்துவ அட்டை எப்படிப் போடுவது? கழுத்தில் எண்ணைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தார். சாகடிக்க இட்ட எண்ணும் பிழைக்கவைக்க இட்ட எண்ணும் ஒன்றா என்ற கேள்வி பின்னால் அவரையே துரத்தியது. அவரும் டாவி கொபெனாவா போன்ற யானோமாமித் தலைவர்களும் சேர்ந்து போராடி, 1992இல் சுமார் 96,000 சதுர கிலோமீட்டர் காடு அம்மக்களின் நிலமாக அறிவிக்கப்பட்டது.

தங்கம் தோண்டுகிறவர்கள் விடவில்லை. ஆற்றில் பாதரசம், குழிகளில் தேங்கிய நீரால் மலேரியா, பெண்கள்மேல் வன்முறை. 2022 ஏப்ரலில் யானோமாமிகளின் சொந்தச் சங்கமான ஹுதுகாரா இதையெல்லாம் அறிக்கையாகவே வெளியிட்டது. உலகம் அசையலை. 2023 ஜனவரியில், ஆட்சி மாறிய கையோடு, விலா எலும்பு தெரியும் குழந்தைகள், கிழவிகள் படங்கள் வந்தன. உலகம் பதறியது. அப்படிப் படம் எடுக்கப்பட்ட ஒரு பெண் இறந்துபோனார். இனி அந்தப் படத்தைப் பரப்பாதீங்க என்று யானோமாமிகள் கேட்டுக்கொண்டார்கள்.

படம் இல்லேன்னா யார் நம்பியிருப்பா என்கிறார்கள். மெய்தான். ஆனா குத்தம் யார்மேலே? எழுதிக் கொடுத்தபோது படிக்காதவன், எலும்பைக் காட்டினால்தான் நம்புவேன் என்கிறான். நம்ம சேரிகளுக்கும் இதே நிபந்தனைதான். நாம் சொன்னால் 'மிகை'. பிணம் விழுந்தால் செய்தி. எரிந்த குடிசைப் படங்களைக் கட்டித் தொங்கவிட்டுக் கூட்டம் பேசுகிறவன் நான். படமே கூடாது என்று சொல்ல வரலை.

படத்தை அழித்தால் கொலைகாரனுக்குத்தானே லாபம்? நியாயமான கேள்வி. தோண்டிய குழி இருக்கு, ஆற்று மீனில் பாதரசம் இருக்கு, சாவுக்கணக்கு இருக்கு. அதையெல்லாம் படமெடு, ஆயிரம் வருசம் வை. செத்தவள் முகம் மட்டும் ஏன் என்றைக்கும் சாட்சிக்கூண்டில் நிற்கணும்?

ஒடுக்கப்பட்டவர் தன் முகத்தை நமக்குக் கொடுப்பது தானமல்ல, கடன். உறவுக்காரர் திருப்பிக் கேட்டால், ஏன் எதுக்குன்னு கேட்காமல் கொடுத்துவிடணும்.