இச்சையும் குற்றவுணர்வும்

சமயங்கள் பேசத் தயங்கும் பொருள்கள் சில உள்ளன. அவற்றைப் பற்றி அவை பேசாமல் இருந்துவிடுவதுமில்லை. பேசும்பொழுது குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. அல்லது தேவைக்கு மேல் உயர்த்திவிடுகின்றன. பாலுணர்வு அத்தகைய பொருள்களுள் ஒன்று. கிறித்தவம் திருமணத்தைத் தூயதென்று போற்றுகின்றது. ஆயினும், அத்திருமணத்தின் உள்ளே இயங்கும் இச்சையை அது பல நூற்றாண்டுகளாக ஐயக் கண்கொண்டே நோக்கி வந்திருக்கின்றது. இந்த இரட்டை நோக்கு கற்றோர் வாதமாக மட்டும் நின்றுவிடவில்லை. எத்தனையோ இல்லங்களின் படுக்கையறைக்குள் அது புகுந்து, கணவன் மனைவியரின் உள்ளத்தில் முள்ளாகத் தைத்திருக்கின்றது.

கடவுள் நம்பிக்கையுள்ள ஒரு கணவனை எண்ணிப் பார்ப்போம். ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்பவன், மனைவியை விரும்புபவன். இரவில் அனைவரும் உறங்கியபின் அவன் கைப்பேசியில் ஆபாசப் படங்களைக் காண்கின்றான். பின்னர் வெட்கத்தால் குன்றிப் போகின்றான். முழந்தாளிட்டு மன்றாடுகின்றான், இனிமேல் இல்லையென்று உறுதி கூறுகின்றான், சில நாள்களில் மீண்டும் விழுகின்றான். அவன் படும் துன்பம் பொய்யன்று. ஆனால், அவன் எதற்காக வருந்துகின்றான்? எவரை எண்ணி வருந்துகின்றான்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறித்தவ உலகில் குற்றவுணர்வைப் பற்றிப் பேசுவோர் அகுஸ்தீனைத் தாண்டிச் செல்ல இயலாது. கி.பி. 354 இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்து, 430 இல் ஹிப்போ நகரத்து ஆயராக மறைந்தவர் அவர். இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மனிக்கேய சமயத்தைச் சார்ந்திருந்தார். உடலும் பருப்பொருளும் தீமையின் ஆட்சிக்கு உட்பட்டவை என்பது அச்சமயத்தின் கொள்கை. பிற்காலத்தில் அக்கொள்கையை மறுத்து, திருமணம் நன்மையே என்று நிலைநாட்டியவர் அகுஸ்தீன். மக்கட்பேறு, ஒருவருக்கொருவர் உண்மையாயிருத்தல், பிரியாத பிணைப்பு ஆகிய மூன்றும் திருமணத்தின் நலன்கள் என்று அவர் வகுத்தார். எனவே, அவரை உடலின் பகைவர் என்று மட்டும் கூறி ஒதுக்குவது நேர்மையாகாது.

எனினும், இச்சையை அவரால் நம்ப இயலவில்லை. கையும் காலும் மனத்தின் ஆணைக்கு அடங்குகின்றன; பாலுணர்வோ அடங்குவதில்லை. முதல் மாந்தர் இறைவனுக்குக் கீழ்ப்படியாமற் போனதற்குத் தண்டனையாகவே மனிதனின் உடல் மனிதனுக்குக் கீழ்ப்படியாமற் போயிற்று என்று அவர் கருதினார். மக்கட்பேற்றை நாடாமல் இன்பத்தை நாடும் இல்லற உறவும் அவர் பார்வையில் ஒரு குறையே. திருமணத்தின் பொருட்டு மன்னிக்கத்தக்க குறை. எக்லானம் நகரத்து ஆயராயிருந்த ஜூலியன் என்பவர் இதனை எதிர்த்தார். இச்சை இறைவன் படைத்த இயற்கை. அளவு மீறுவதே குற்றம் என்பது அவர் வாதம். அவ்வழக்கு அகுஸ்தீன் இறக்கும்வரை முடியவில்லை. ஆனால், மேலைத் திருச்சபையின் மனத்தில் ஆழப் பதிந்தது அகுஸ்தீனின் குரலே. இடைக்காலத்துப் பாவமன்னிப்பு விதிநூல்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் கணவன் மனைவியர் கூடலாகாது என்று நாள் குறித்தன. இல்லற இன்பம் தன்னளவில் பாவமன்று என 13 ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எடுத்துரைத்த பின்னரும் பழைய அச்சம் முற்றிலும் நீங்கவில்லை.

அகுஸ்தீன் தம் வாழ்வை ஆராய்ந்து இறைவனிடம் அறிக்கையிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. அதில் அவர் தம் இச்சையை எண்ணி எண்ணி வருந்துகின்றார். அந்நூலில் ஒரு பெண் வருகின்றாள். பத்தாண்டுகளுக்கு மேல் மணமின்றி அவரோடு வாழ்ந்தவள். அவருக்கு ஒரு மகனைப் பெற்றுத் தந்தவள். தகுதியான இடத்தில் அவருக்கு மணம் பேசப்பட்டபொழுது, அவள் தடையென்று கருதப்பட்டு, மகனை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இனி வேறொருவனை நாடுவதில்லை என்று உறுதி பூண்டு அவள் சென்றாள். மணமகளோ இன்னும் உரிய வயதை எட்டாதவள்; அவளுக்காக இரண்டாண்டுகள் காத்திருக்கப் பொறாத அகுஸ்தீன் மற்றொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். இவற்றையெல்லாம் அவர் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். தம் நெஞ்சு புண்பட்டதையும் எழுதியிருக்கின்றார். ஆனால், அப்பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை. மகனின் பெயர் அந்நூலில் உண்டு. தாயின் பெயர் உண்டு. இவள் பெயர் இல்லை. அவளுடைய நன்மதிப்பைக் காக்கவே பெயரை விடுத்தார் என்பாரும் உளர். இருக்கலாம். எனினும், தம் இச்சைக்காக அவர் சிந்திய கண்ணீரின் அளவையும், அவளுக்கு இழைத்த அநீதிக்காகச் சிந்திய கண்ணீரின் அளவையும் ஒப்பிடுங்கால் வேறுபாடு நன்கு விளங்கும்.

இங்கேதான் நம் வினாவுக்கு முதல் விளக்கம் கிடைக்கின்றது. குற்றவுணர்வு இரு திசைகளில் நோக்கக் கூடியது. தன் தூய்மை கெட்டதே என்று தன்னையே நோக்கி அழுவது ஒன்று. பிறருக்குத் தீங்கு செய்தோமே என்று அப்பிறரை நோக்கித் திரும்புவது மற்றொன்று. முன்னது எவ்வளவு ஆழமாயினும் கண்ணாடி முன் நின்று அழுவதற்கு ஒப்பானது. பின்னதே மனிதனை மாற்ற வல்லது.

விவிலியம் இச்சையைப் பற்றி என்ன கூறுகின்றது? மலைப்பொழிவில் இயேசு, ஒரு பெண்ணை இச்சையோடு நோக்குபவன் உள்ளத்தில் விபசாரம் செய்தவனாகின்றான் என்னும் கருத்தைக் கூறுகின்றார். பலரும் இதனைக் கேட்டு, பாலுணர்வு தோன்றுதலே பாவமென்று எண்ணி நடுங்கினர். ஆனால், கிரேக்க மூலத்தில் இங்கு வரும் வினைச்சொல், பத்துக் கட்டளைகளின் கிரேக்க மொழிபெயர்ப்பில் பிறன் பொருளைக் கவர எண்ணாதே என்னுமிடத்தில் வரும் அதே சொல்லாகும். பழைய தமிழ் விவிலியமும் இவ்விரண்டு இடங்களிலும் 'இச்சை' என்னும் ஒரே சொல்லின் வழிவந்த வடிவங்களையே ஆண்டிருப்பது கருதத்தக்கது. இன்னொரு செய்தியும் உண்டு. இறுதி இரவுணவைச் சீடரோடு உண்ண மிகவும் விரும்பியிருந்ததாக இயேசு கூறுமிடத்திலும் கிரேக்கத்தில் அச்சொல்லே வருகின்றது. தமிழில் அது 'ஆசை' என்று பெயர்க்கப்பட்டது. ஆகவே, விழைவு தன்னளவில் குற்றமன்று. ஓர் ஆளைப் பொருளாகக் கருதி, மனத்தால் கைப்பற்ற நினைப்பதே குற்றம்.

அம்மலைப்பொழிவில் அடுத்து வருவனவும் கருதத்தக்கவை. கண் இடறச் செய்தால் கண்ணைக் களைக என்னும் கடுமொழி, நோக்குபவனுக்கே உரைக்கப்பட்டது. பெண் தன்னை மறைத்துக்கொள்ளட்டும் என்று அங்கே கூறப்படவில்லை. அதனை அடுத்து வருவது மனைவியைத் தள்ளிவிடும் ஆடவரைக் கண்டிக்கும் பகுதி. இவ்வரிசையை நோக்குங்கால், ஆடவனின் தூய்மையைக் காப்பதோடு, ஆடவனிடமிருந்து பெண்ணைக் காப்பதும் அப்போதனையின் நோக்கமென்று தோன்றுகின்றது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், மனைவியின் உடல்மீது கணவனுக்கு உரிமை உண்டெனக் கூறுவதோடு நில்லாமல், கணவனின் உடல்மீது மனைவிக்கும் அவ்வாறே உரிமை உண்டென்கின்றார். கணவனே தலைவன் என்றிருந்த பண்டைய உலகில் இது வியத்தகு கூற்று. வேண்டுதலுக்காகச் சிறிது காலம் பிரிந்திருப்பதாயினும் இருவர் உடன்பாடும் வேண்டும் என்பது அவர் அறிவுரை. காதலர் இருவர் ஒருவர் அழகை ஒருவர் பாடும் உன்னதப்பாட்டும் அதே விவிலியத்தில்தான் இடம்பெற்றிருக்கின்றது. அதனை இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் உரிய உருவகமாக மட்டும் கொள்ளும் மரபு 3 ஆம் நூற்றாண்டில் ஓரிகன் காலத்திலேயே வேரூன்றியது. உருவகம் இருக்கட்டும். உருவகத்திற்குத் தகுதியான பொருளாக மாந்தர் காதல் கொள்ளப்பட்டதே அக்காதலுக்குக் கிடைத்த பெருமையன்றோ?

அவ்வாறாயின், திருமணம் ஆகிவிட்டால் எல்லாம் ஒப்புமா? 1980 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள், போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் தம் புதன்கிழமை உரையில், ஓர் ஆடவன் தன் சொந்த மனைவியிடத்திலும் உள்ளத்தால் விபசாரம் செய்யக்கூடும் என்றார். செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின. மனைவியை விரும்புவதும் பாவமோ என்று பலர் வினவினர். அவர் விருப்பத்தைக் கண்டித்தாரல்லர். மனைவியைத் தன் வேட்கையைத் தணிக்கும் கருவியாக மட்டும் கொள்வதையே கண்டித்தார். தாலியோ மோதிரமோ ஓர் ஆளைப் பொருளாக்கும் உரிமைச் சீட்டாக மாட்டாது என்பதே அதன் சாரம். இவ்விடத்தில் பழைய அளவுகோல் மாறிவிடுகின்றது. எவ்வளவு இன்பம் என்பதன்று கேள்வி. எதிரில் இருப்பவர் அங்கே ஆளாக இருக்கின்றாரா என்பதே கேள்வி.

இவ்வளவுகோலைக் கொண்டு ஆபாசப் படங்களை நோக்குவோம். கணவனும் மனைவியும் ஒப்புக்கொண்டு சேர்ந்து காண்பதில் தீங்கென்ன என்று கேட்போர் உளர். இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. இருவர் உடன்பாடு பெரிது. ஆனால், அங்கே இருப்பவர் இருவர் மட்டும் அல்லர். படத்தில் இருப்பவரும் இருக்கின்றார். அவர் எவ்வாறு அங்கு வந்தார், மனமுவந்து வந்தாரா, வறுமையால் வந்தாரா, வற்புறுத்தலால் வந்தாரா என்பது காண்போருக்குத் தெரியாது. 1992 ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், இத்தொழிலில் நடிப்போர், விற்போர், காண்போர் ஆகிய அனைவரின் மாண்பும் சிதைகின்றது என்று சுட்டுகின்றது. அவர் மனமுவந்தே வந்தார் எனக் கொண்டாலும் ஒரு குறை எஞ்சுகின்றது. படத்தைக் காண்பவன் காண்கின்றானேயன்றிக் காணப்படுவதில்லை. அவனுக்கு எவரும் மறுமொழி கூற வேண்டுவதில்லை, எவரும் களைத்திருப்பதில்லை, எவரும் மறுப்பதில்லை. இல்லறமோ திருப்பி நோக்கும் கண்களின் முன் வாழும் வாழ்வு. அக்கண்களுக்கு விடை சொல்லும் பழக்கத்தை முன்னது மெல்ல மெல்லத் தேய்த்துவிடுகின்றது.

இனி, நாம் முன்னர்க் கண்ட கணவனிடம் திரும்புவோம். அவனுடைய குற்றவுணர்வு அவனைத் திருத்துகின்றதா? ஜோஷுவா கிரப்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடன் ஆய்ந்தோரும், சமயப் பற்றும் ஒழுக்கக் கண்டனமும் மிகுந்தோர் தம்மை அடிமைப்பட்டோராக எண்ணி வருந்துவது மிகுதி என்று கண்டனர். அவர்கள் காணும் அளவைக் கொண்டு மட்டும் அவ்வருத்தத்தை விளக்க இயலவில்லை. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாக ஏற்றுள்ளது. ஆயினும், ஒழுக்கக் கண்டனத்தால் மட்டுமே எழும் மனவேதனை அக்கோளாறு உண்டென முடிவு செய்யப் போதாது என்றும் அது கூறுகின்றது. அஃதாவது, மனச்சான்றின் உறுத்தல் வேறு, நோய் வேறு. உறுத்தலை நோயென்றால் மனிதன் தன் பொறுப்பை இழக்கின்றான். நோயை வெறும் பாவமென்றால் அவன் பெற வேண்டிய உதவியை இழக்கின்றான்.

தன்னையே நோக்கும் குற்றவுணர்வு வெட்கத்தை வளர்க்கின்றது. வெட்கம் தனிமையைத் தேடுகின்றது. தனிமையிலோ கைப்பேசி காத்திருக்கின்றது. ஆகவேதான் அச்சுழல் அறுவதில்லை. அது அறுபட வேண்டுமாயின் நோக்கு திரும்புதல் வேண்டும். படத்திலிருப்பவளும் ஒரு தாயின் மகள் என்று அவன் உணர்தல் வேண்டும். அறிய நேர்ந்த மனைவி, தன்னிடம் என்ன குறையென்று இரவெல்லாம் தன்னையே நொந்துகொள்வதை அவன் காணுதல் வேண்டும். அவளிடம் உண்மையைக் கூறும்பொழுதும், தன் பாரத்தை இறக்கிவைக்கும் இடமாக மட்டும் அவளைக் கொள்ளுதல் ஆகாது. அவள் சினம் கொள்ள உரிமையுடையவள். காலம் கேட்க உரிமையுடையவள். உடனே மன்னித்தாக வேண்டிய கடன் அவளுக்கில்லை. கணவன் வழி தவறாதிருக்க மனைவி இன்னும் இணங்கி நடக்கட்டும் என்று அறிவுரை கூறும் சமயப் பெரியோர், ஒருவர் குற்றத்தை மற்றொருவர் தலையில் ஏற்றுகின்றனர். மனைவி வேலியல்லள். இவ்வாறு கூறுவதனால் விழைவும் தவறுதலும் ஆடவருக்கே உரியவை என்பதன்று. தவறியவள் மனைவியாயினும் நீதி ஒன்றே.

அகுஸ்தீனின் நெஞ்சு உண்மையான நெஞ்சு. அதனால்தான் 1,600 ஆண்டுகள் கடந்தும் அவர் நூல் நம்மோடு பேசுகின்றது. அவர் எழுதியதைக் கற்கும் நாம் அவர் எழுதாமல் விட்டதையும் கற்றல் வேண்டும். கப்பலேறிச் சென்ற அப்பெண் தன் மகனை எண்ணி எத்தனை இரவுகள் விழித்திருந்தாளோ, எவரும் எழுதி வைக்கவில்லை. இறைவன் முன் நிற்கும் மனிதன் தன் கறைகளை எண்ணிக்கொண்டிருப்பதற்கு முன், தன்னால் புண்பட்டவரின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்வானாக. அப்பெயரிலிருந்தே மனந்திரும்புதல் தொடங்குகின்றது.