உடல் எனும் அமானிதம்

காரைக்குடியில் ஒரு நிக்காஹ் வீடு. பந்தியில் நமக்கு அருகே அமர்ந்திருந்தவர் ஊரறிந்த வணிகர். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழ்பவர். இனிப்பு வந்தபோது இலையின் மீது கையை விரித்து மறைத்தார். பரிமாற வந்தவர் மணமகளின் சிறிய தகப்பனார். அவர் விடுவதாக இல்லை. "நம்ம வீட்டுக் கல்யாணத்துல வேணாம்னு சொல்லலாமா மச்சான்? ஒரே ஒரு கரண்டி. ராத்திரி மாத்திரையைக் கூட ஒண்ணு போட்டுக்குங்க" என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. விரிந்திருந்த கை மெல்ல விலகியது. இரண்டாவது கரண்டிக்கு அவர் மறுப்பே சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து, அவருடைய வலது காலில் இரு விரல்களை அறுவை செய்து அகற்றினார்கள். அந்த இனிப்பினால்தான் விரல்கள் போயின என்று கூறுவது அறிவுக்குப் பொருந்தாது. பல்லாண்டுகள் உயர்ந்தே இருந்த சர்க்கரை நரம்பின் உணர்வை மழுங்கச் செய்து, குருதியோட்டத்தையும் குறைத்துவிடும். செருப்பு கடித்த சிறு புண் கூடத் தெரியாமல் போய்விடும். அவருக்கு நேர்ந்தது அதுதான். ஆனால் மருத்துவமனைக்குப் பார்க்க வந்தவர்களின் பேச்சு வேறாக இருந்தது. "வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?" என்றார் ஒருவர். "எல்லாம் அவன் எழுதியபடி" என்றார் மற்றொருவர். முதலில் பேசியவர் அன்று பந்தியில் சிரித்தவர்களுள் ஒருவர். சிரித்தவர்களுள் நாமும் உண்டு.

நீண்ட நாள் நோய்க்கு நோயாளி எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்னும் கேள்வி அன்றிலிருந்து நம்மை விடவில்லை.

உடல் நமக்குச் சொந்தமானதன்று, ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று சிறு வயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த தோழர் ஒருவருக்கு, உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டியதையும் அறிவோம். வணக்கத்துக்கே இந்த வரம்பு என்றால் வயிற்றுக்கு வரம்பில்லாமல் போகுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை விடுமாறு கற்பித்த மார்க்கத்தில், கட்டாமல் விட்டுவிட்டு விதியின் மீது பழி போடுவதற்கு இடமில்லை. ஆகவே "எழுதியபடி" என்றவரின் வாதம் நெடுநேரம் நிற்காது.

ஆனால் "வாயைக் கட்டியிருந்தால்" என்றவரின் வாதம் மட்டும் நிற்குமா? அதை அளந்து பார்க்கச் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. 1954-இல் இராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையின் மரபில் வந்த டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த தடுப்பாய்வு அது, 2006-இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். மற்றொரு பிரிவுக்குச் சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்து மிகுந்த உணவை உண்டு, நாள்தோறும் அரை மணி நேரமாவது விரைந்து நடக்கும் பழக்கம். மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளராகியிருந்தனர். உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் 39 பேர். அதுவும் உடல் எடை பெரிதாகக் குறையாமலேயே. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் தந்த பிரிவிலும் ஏறத்தாழ இதே பயன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தபோதும் பயன் கூடிவிடவில்லை.

நூற்றுக்குப் பதினாறு பேரைச் சோற்றுத் தட்டும் நடையும் காத்தன என்பது சிறிய செய்தியன்று. இத்தனை மலிவான மருந்து கடைத்தெருவில் வேறில்லை. எனினும் அந்தக் கணக்கை மறுபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சொன்னபடியெல்லாம் செய்தும் 39 பேருக்கு நோய் வந்தது. எதுவும் பெரிதாகச் செய்யாமலே 45 பேர் தப்பினார்கள். அந்த 39 பேரில் ஒருவரது படுக்கையருகே நின்று "வாயைக் கட்டியிருந்தால்" என்று சொல்ல எவருக்கு உரிமையுண்டு? தப்பிய 45 பேரில் ஒருவர் தம் கட்டுப்பாட்டைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டால் நாம் நம்பலாமா? காக்கப்பட்ட பதினாறு பேர் இன்னின்னார் என்று சுட்டிக் காட்டவும் முடியாது. முயற்சி கடமை, முடிவு நம் கையில் இல்லை. நோயைக் கண்டு குற்றத்தை ஊகிப்பது, வழக்கை விசாரிக்காமல் தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பானது.

இன்னும் பின்னே போனால் பொறுப்பு மேலும் சிதறுகிறது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தம் குழுவினருடன் செய்த ஆய்வுகள், நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு குறையாமலே பிறக்கின்றன என்று காட்டின. தாயின் கருப்பையில் கிடைத்த ஊட்டமும் கிடைக்காத ஊட்டமும் பிள்ளையின் நடுவயதில் பேசுகின்றன. பேரனின் நீரிழிவில் பாட்டியின் பசிக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

பசி என்றதும் நம் சீமையின் பழைய கதைக்கு வந்துவிடுகிறோம். இது வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் வரகும் குதிரைவாலியும் அன்றாடம். நெல்லுச்சோறு பெருநாளைக்கும் விருந்துக்கும். அரிதாகக் கிடைத்ததை வந்தவருக்கு வாரி வழங்கியதில் ஓர் உயர்வு இருந்தது. நம் மாவட்டத்து இளையான்குடிக்கே உரியது மாறனாரின் வரலாறு. மழை இரவில் வந்த விருந்தாளிக்கு உணவளிக்க வீட்டில் ஏதுமில்லை. அன்று விதைத்த நெல்லை வயலுக்குப் போய் வாரி வந்தார். வீட்டுக் கூரையின் மரத்தையே விறகாக்கினார் என்று பெரிய புராணம் கூறும். சமயம் வேறாயினும் இளையான்குடி முஸ்லிம்களும் பெருமையுடன் சொல்லிக்கொள்ளத் தக்க கதை. அதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. அவர் கொடுத்தது பசித்தவனுக்கு. விருந்தாளியின் தேவையே அங்கே அளவுகோல்.

இன்றோ அரிசி நியாய விலைக் கடையிலேயே கிடைக்கிறது. வழக்கம் மட்டும் பஞ்ச காலத்து வழக்கமாகவே நிற்கிறது. பசியாதவரை, உண்ணலாகாதவரை வற்புறுத்துகிறோம். அதை அன்பு என்கிறோம். உண்மையில் அந்தக் கரண்டியில் நம் வீட்டுப் பெருமை எவ்வளவு, வந்தவர் மீதுள்ள அக்கறை எவ்வளவு? செட்டிநாட்டுக் கவுனி அரிசியைப் பாருங்கள். பர்மாவுக்குப் போன வணிகர்களோடு வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கருப்பரிசி தவிடு நீங்காத நல்ல தானியம். அதில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் கொட்டியபிறகுதான் நமக்கு அது விருந்தாகிறது!

அடுப்படிப் பக்கமும் ஒரு சொல். கணவருக்குச் சர்க்கரை என்றால் வீட்டில் இரவில் தனியே சப்பாத்தி சுடப்படுகிறது. உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு வைக்கப்படுகிறது. சுடுபவள் கடைசியில் அமர்ந்து, வீணாகக் கூடாதே என்று மிஞ்சிய சோற்றை உண்கிறாள். அவளுக்கே நோய் வந்தால்? ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் கல்லூரிச் சாலையில் ஆண்கள் கூட்டமாக நடக்கிறார்கள், நல்லது. அந்த நேரத்தில் பெண்கள் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். மொட்டைமாடியில் இருட்டிய பிறகு சுற்றிச் சுற்றி வரும் ஒரு தாயாரை நாம் அறிவோம். "தெருவில் நடந்தால் யாரைப் பார்க்கப் போறேன்னு கேப்பாங்க தம்பி" என்றார். வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நடப்பதற்குத் தெருவையும் நேரத்தையும் தருவது வீட்டாரும் மஹல்லாவாசிகளும் அல்லவா? அமானிதத்தைக் காக்கச் சொல்லிவிட்டு, காக்கும் வழியை அடைத்துவைப்பது என்ன நியாயம்? 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் குருதி அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. தன் நோயைக் கடைசியில் நினைக்கும் பெண்களுக்கு அது பெரிய உதவி. மாத்திரை வாசல்வரை வந்துவிட்டது. சாப்பாட்டு வரிசையில் அவளுடைய இடம் இன்னும் மாறவில்லை.

ரமலானைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க இயலாது. 2001-இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவாளர்களிடம் நடந்த ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் அம்மாதத்தில் குறைந்தது பதினைந்து நாளேனும் நோன்பிருந்தது தெரிந்தது. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோகும் நிகழ்ச்சிகள் அவர்களிடையே பிற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் மிகுந்தன. எல்லா நீரிழிவாளரும் நோன்பை விடவேண்டும் என்பதன்று இதன் பொருள். ஆறேழு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு, நலமாக நோன்பு நோற்போர் பலர். குருதிச் சோதனைக்காக விரல் நுனியில் குத்துவதால் நோன்பு முறியாது என்பதும் ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. ஆனால் இன்சுலினைக் கொண்டே வாழ்பவரும், சிறுநீரகம் பழுதுபட்டவரும், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தவரும் வேறு வரிசையினர். நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையையும், நீங்காத நோயினருக்கு ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவையும் மார்க்கமே வைத்திருக்கிறது. தந்தவனின் சலுகையை "எனக்கு வேண்டாம்" என்று தள்ளுவதில் பக்தி இருக்கிறதா, ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் இருக்கிறதா? பந்தியில் விரித்த கையை விலகச் செய்ததும் ஊரார் கண்தானே. ஓரிடத்தில் அது உண்ணச் செய்கிறது, மற்றோரிடத்தில் உண்ணாதிருக்கச் செய்கிறது.

அந்த வணிகரை அறுவைக்குப் பின் வந்த ரமலானில் பள்ளிவாசலில் கண்டோம். மருத்துவரையும் இமாமையும் கலந்துகொண்டு அவர் நோன்பை விட்டிருந்தார்; ஃபித்யாவும் கொடுத்துவிட்டார். எனினும் வீட்டில் மறைந்திருக்கவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் நாற்காலியொன்றைப் போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி அமர்ந்து, நோன்புக் கஞ்சி வாங்க வரும் பிள்ளைகளின் தூக்குவாளிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். விவரமறியாத சிறுவன் ஒருவன், "நன்னா, நீங்க நோன்பா?" என்று கேட்டான். சுற்றி நின்ற பெரியவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். "இல்லப்பா, எனக்குச் சர்க்கரை" என்று இயல்பாகச் சொல்லிவிட்டு, அவன் வாளியை வாங்கிக் கஞ்சி ஊற்றினார்.