வாசலைத் தாண்டாத தண்ணீர்

பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு (லூக்கா 16:19-31)



இன்றைய நற்செய்தியில், இறந்தபின் வேதனையில் கிடக்கும் செல்வர் கேட்பது ஒரு சொட்டுத் தண்ணீர். விருந்து கேட்கவில்லை, கழற்றிப் போட்ட பட்டாடையைக் கேட்கவில்லை. தன் வாசலில் கிடந்த ஏழை இலாசர் விரல் நுனியை நனைத்துக்கொண்டு வந்து தன் நாக்கில் வைத்தால் போதும் என்கிறார். அதற்கும் வழியில்லாமல் போகிறது. நடுவில் பெரும் பிளவு இருக்கிறது என்று ஆபிரகாம் சொல்லிவிடுகிறார். தண்ணீர் இந்தப் பக்கம் இருக்கிறது, தாகம் அந்தப் பக்கம் இருக்கிறது, கடக்க முடியவில்லை. ஆனால் ஒரு தடுப்பைத் தாண்டித் தண்ணீர் போய்ச் சேருவது நம் ஒவ்வொருவர் உடம்பிலும் நொடிதோறும் நடக்கிற காரியம். அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு நற்செய்திக்குத் திரும்புவோம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் ‘சவ்வூடு பரவல்’ என்று பெயர் சொல்வார்கள். பெயர் தெரியாத அம்மாமார்களுக்குக் காரியம் தெரியும். மீனைக் கீறி உப்பைத் திணித்து வைத்தால், தொட்டியில் நீர் ஊறி நிற்கிறதே, அதுதான். தண்ணீரை விட்டுவிட்டு உப்பையும் சர்க்கரையையும் மறிக்கிற மெல்லிய சவ்வு ஒன்று நடுவில் இருந்தால், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும். யாரும் இறைக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் துகள்கள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருக்கும். உப்புள்ள பக்கத்திலிருந்து திரும்பி வருபவை குறைவு, அவ்வளவே.

இதை முதலில் கவனித்து எழுதிவைத்தவர் திருத்தொண்டர் பட்டம் பெற்ற ஒருவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிரான்சு நாட்டு ழான் அந்துவான் நொலே, 1748-இல், சாராயம் நிறைந்த பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் அந்தத் தோல் புடைத்துக்கொண்டு நின்றது. ஊசியால் குத்தினார், பீறிட்டு அடித்தது. சாராயத்தை நோக்கித் தண்ணீர் உள்ளே புகுந்திருந்தது.

நம் உடம்பின் செல்களைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான சவ்வு. கொழுப்பும் நீரும் ஒட்டாது. பிறகு எப்படித் தண்ணீர் இவ்வளவு வேகமாகக் கடக்கிறது? அமெரிக்க மருத்துவர் பீட்டர் அக்ரே அந்த வாசலைக் கண்டுபிடித்தார். அக்வாபோரின் என்ற புரதம், சவ்வைத் துளைத்து நிற்கும் ஒரு குழாய். ஒரே குழாய் வழியாக ஒரு நொடியில் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகின்றன. உப்பு நுழைய முடியாது; அதைவிடச் சிறிய ஹைட்ரஜன் அயனிகூட நுழைய முடியாது. இதற்காக 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இப்போது அந்தச் செல்வர் வீட்டுக்குப் போவோம். இலாசர் கிடந்தது எங்கே? வாசலில். செல்வர் அவரை அடித்துத் துரத்தியதாக ஆண்டவர் சொல்லவில்லை, ஏமாற்றிப் பறித்ததாகவும் சொல்லவில்லை. வீட்டுக்குச் சுவர் வைத்ததையும் குற்றமாகச் சொல்லவில்லை. சவ்வு கிழிந்தால் செல் செத்துப்போகும். குடும்பத்துக்கும் ஒரு மதில் வேண்டும்தான். ஆனால் அந்த மதிலில் இருந்த வாசல், வாசலாக வேலை செய்யவில்லை. உள்ளே மேசையிலிருந்து விழுந்தது வெளியே பசித்தவன் கைக்கு வரவில்லை. வாழ்ந்த காலத்தில் நாலு அடி தூரத்தைக் கடக்காத தண்ணீர், பிறகு அந்தப் பிளவை எப்படிக் கடக்கும்? ஆபிரகாம் காட்டிய பிளவைத் தோண்டியவர் செல்வரே என்றுதான் நான் படிக்கிறேன்.

நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் போங்காவ் முகாமில் காலரா பரவியது. காலராக் கிருமியின் நஞ்சு குடல் செல்களைப் படுத்துகிற பாட்டில் உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகிறது. அதே சவ்வூடு பரவல், இங்கே ஆளைக் கொல்கிறது. சில மணி நேரத்தில் மனிதர் வற்றிப்போகிறார். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. தரையெல்லாம் நோயாளிகள். திலீப் மஹலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், அவர்களுடைய மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி குத்த முடிந்தது என்று பின்னாளில் சொன்னார். நாம் இங்கே மண்டியிடப் பஞ்சுத் திண்டு போட்டிருக்கிறோம்.

அவருக்கு ஒரு செய்தி தெரிந்திருந்தது. சர்க்கரை குடல் செல்லுக்குள் நுழையும்போது உப்பையும் கூடவே அழைத்துப் போகும் என்று 1960-இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் விளக்கியிருந்தார். காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை. உப்பு உள்ளே போனால் தண்ணீர் தானே பின்னால் போகும். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா மாவு. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி முகாமுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் கலக்கி வைத்தார்கள். நர்சுகள் போதாததால் தாயும் அண்ணனும் தம்பியுமே டம்ளர் டம்ளராகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று 1978-இல் லான்செட் மருத்துவ இதழ் எழுதியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நமக்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதன் வழிவந்ததுதான். பொட்டலம் இல்லாத இரவில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். பிரசங்கம் மறந்தாலும் இது மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் நல்லதுதானே என்று வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் உப்பி வெடித்துவிடும். அதனால்தான் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு சேர்க்கிறார்கள். இரத்தத்தின் அளவுக்கு இணங்க. ஏழைக்குச் செய்கிற உதவியிலும் அவருடைய அளவு ஒன்று உண்டு. ஒரு விதவையை மேடைக்கு அழைத்து, பேனருக்கு முன்னால் நிறுத்தி, அரிசிப் பையைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறோமே, அந்தப் பெண்ணின் உள்ளே என்ன வெடிக்கிறது என்று நமக்குத் தெரியுமா? அரிசி போய்ச் சேர்ந்தது, மரியாதை போய்விட்டது. நம் பங்கில் இந்தப் பழக்கம் வேண்டாம் என்பது என் முடிவு.

தண்ணீர் உப்பைத் தேடிப் போவதில் அதற்குப் புண்ணியம் ஒன்றும் இல்லை. அது தன் இயல்பின்படி போகிறது. நமக்கு அந்த இயல்பு தானாக வருவதில்லை. நம் கால்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கிற வீடுகளுக்கே போகின்றன. கல்யாணம் என்றால் தெருவே கூடுகிறது. படுக்கையில் கிடக்கும் கிழவரைப் பார்க்க ஆளில்லை. கண்ணீரின் உப்பு எந்த வீட்டில் அதிகமோ அங்கே போவதற்கு நாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு வாரமும் புதிதாக.

செப்டம்பர் 27 புனித வின்சென்ட் தே பவுலின் திருநாள். அவர் பெயரில் 1833-இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய சபை, இன்றும் ஏழைகளை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பார்ப்பதைத் தன் முதல் வேலையாக வைத்திருக்கிறது. திருப்பலி முடிந்ததும் நம் சபை உறுப்பினர்கள் கோவில் வாசலில் நிற்பார்கள். உண்டியலை நீட்ட மாட்டார்கள். இந்த வாரம் எந்த நாள் மாலையில், யார் வீட்டுக்கு அவர்களோடு வருவீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.