காத்திருப்பின் வட்டி யார் கணக்கில்?

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. விகாரையையும் வாசனைத் திரவியத் தோட்டங்களையும் பார்க்கச் சுற்றுலா பஸ்கள் வரும் அதே வீதியில்தான், இலங்கை அரசின் அஸ்வெசும நலன்புரிக் காசு விழுந்துவிட்டதா என்று பார்க்க நகரத்து வங்கிக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். விழாத நாளில் பஸ் காசு நட்டம், அன்றைய கூலியில் பாதி நட்டம். திரும்பி வந்தால் கடைக்காரரின் கொப்பியில் அரை கிலோ பருப்பும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் கடனாக ஏறும்.

இதில் அறக்கேள்வி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கொடுப்பது அரசு, இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம் கொடுக்கும், தொகையில் ஒரு சதமும் குறையவில்லையே என்பது அவர்கள் வாதம். மாதச் சம்பளமும் சேமிப்பும் உள்ளவருக்கு அது சரியாகவே படும். கிழமைக் கிழமை நுண்கடன் தவணை கட்டுகிற பெண்ணுக்கு அப்படியல்ல. தவணை வசூலிக்க வருபவர் அரசாங்கத்தின் அறிவித்தலைப் பார்த்து நாள் தள்ளுவதில்லை. அவள் தோட்டை அடகு வைப்பாள், அல்லது வட்டிக்கு வாங்குவாள். கொடுப்பனவு இரண்டு கிழமை பிந்தினால் அந்த இரண்டு கிழமைக்கும் அரசு அவளிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது, வட்டியில்லாமல், அவளைக் கேட்காமல். திகதி என்பது தொகையின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

இருந்தும் தாமதம் எல்லாமே அலட்சியம் அல்ல. 1995 முதல் இருந்துவந்த சமுர்த்தி உதவியின் இடத்துக்கு 2023 ஜூலை 1ஆம் திகதி அஸ்வெசும வந்தது. தொடக்கத்தில் மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறியவர்களுக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, இடைநிலையில் உள்ளவர்களுக்கு 2,500 என்று நான்கு பிரிவுகள் இருந்தன. பட்டியல் வெளியானதும் பத்து இலட்சத்தை நெருங்கிய மேன்முறையீடுகள் குவிந்தன. புதிதாக வங்கிக் கணக்குகளும் திறக்க வேண்டியிருந்தது. ஜூலைக் காசு பயனாளிகளின் கைக்கு வரத் தொடங்கியபோது ஆகஸ்ட் முடியப் போயிருந்தது.

இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. பட்டியலில் விடுபட்ட ஏழைக்கு நேர்ந்தது பெரிய அநீதி. அதைக் கேட்டுத் தீர்க்க நாள் வேண்டும். அவசரப்பட்டுத் தவறானவருக்குக் கொடுத்த காசைத் திரும்ப வாங்குவதும் எளிதல்ல. ஆனால் விடுபட்டவரின் வழக்குத் தீரும்வரை, எவரும் ஆட்சேபிக்காத குடும்பத்தையும் ஏன் காக்க வைக்க வேண்டும்? சந்தேகம் உள்ள இடத்தில் தாமதம் நியாயம். சந்தேகமே இல்லாத இடத்தில் அது நிர்வாகத்தின் வசதி மட்டுமே. அந்த வசதியின் செலவைக் கட்டியது கடைக் கொப்பி. புதிய திட்டம் தயாராகும்வரை பழையதைத் தொடர்வது கடினமான யோசனையும் அல்ல.

பிந்துவதை விட்டு முந்துவதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபா, மாதத்தின் 15ஆம் திகதிக்கு உரியது. 2024இல் பொங்கலை முன்னிட்டு ஜனவரி 10ஆம் திகதியே வரவு வைத்தார்கள். நல்ல மனம்தான், பண்டிகைக்கு முன் காசு வேண்டும்தான். அடுத்த தொகை வழமையான திகதியில் வந்தால் இடைவெளி 36 நாள். கரும்பும் புதுத்துணியும் முடிந்தபின் வரும் அந்த நீண்ட மாதத்தை எந்த விளம்பரமும் காட்டாது. முன்கூட்டிக் கொடுப்பதைக் குறை சொல்ல முடியாது. அடுத்தது எப்போது என்பதையும் அதே அறிவித்தலில் சொல்லாததைக் குறை சொல்லலாம்.

நாள் தெரிந்தால் ஏழையும் திட்டமிடுவார். இலங்கையில் ஓய்வூதியம் 10ஆம் திகதி வருவது அரிதாகவே செய்தியாகிறது. அஸ்வெசும அப்படியல்ல, 'நாளை வைப்பிலிடப்படும்' என்பது மாதாமாதம் செய்தி. பஞ்சத்தில் பிக்குகள் மடிந்தால் மனனத்தில் இருந்த போதனையும் மடிந்துவிடும் என்று அஞ்சி, பாளித் திரிபிடகத்தை வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டில் எழுதி வைத்தது இதே அலுவிகாரையில் என்பது மரபு. அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். ஆண்டின் பன்னிரண்டு திகதிகளை ஒரு தாளில் எழுதிக் கிராம உத்தியோகத்தரின் அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும்.

பிரித்தானியாவில் ஒருங்கிணைந்த நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தவர் முதல் காசுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அதைப் பலரும் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். ஆனாலும் அங்கே அரசே வட்டியில்லாத முற்பணம் தருகிறது, பின்னர் தவணையாகக் கழித்துக்கொள்கிறது. காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை அந்த ஏற்பாடு அரைகுறையாகவாவது ஒப்புக்கொள்கிறது. இங்கே நிலுவை வரும்போது தொகை மட்டும்தான் வருகிறது.

திறைசேரி காலியாக இருந்தது என்ற பதிலும் உண்டு, அது பொய்யல்ல. காலியான திறைசேரி யாரைக் காக்க வைப்பது என்பதற்கும் இலங்கையிலேயே முன்னுதாரணம் உண்டு. 2023 ஜனவரியில் காசு போதாதபோது, சிற்றூழியர் உள்ளிட்டோரின் சம்பளத்தை உரிய நாளில் கொடுத்துவிட்டு, நிறைவேற்றுத் தர அதிகாரிகளின் சம்பளத்தைச் சில நாள் பிற்போட அமைச்சரவை தீர்மானித்தது. தாங்கக்கூடியவர் காத்திருந்தார். அதே ஆண்டு ஜூலையில் காத்திருந்தவர்கள், அரசே கணக்கெடுத்து மிக வறியவர் என்று பெயரிட்டவர்கள்.