விழுந்த ரூபாயும் எழுந்த நாங்களும்

ஸ்காபரோவில் நான் வழமையாகக் காசு அனுப்புகிற கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு மட்டைத்துண்டில் அன்றைய 'றேற்' கையால் எழுதித் தொங்கும். வருடக்கணக்காக நான் அதைக் கவனித்துப் பார்த்ததில்லை. கூடினால் ஒரு ரூபா கூடும், குறைந்தால் ஐம்பது சதம் குறையும். 2022 மார்ச் மாதத்தில்தான் அந்த மட்டை எங்கள் எல்லோருக்கும் பத்திரிகையாக மாறியது. மரக்கறி வாங்க வந்தவர்களும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

மார்ச் 7ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, அதுவரை இறுக்கிப் பிடித்து வைத்திருந்த ரூபாயைக் கைவிட்டது. ஒரு அமெரிக்க டொலருக்கு 200 ரூபாயளவில் நின்றது மே மாத நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. எங்களுடைய கனடிய டொலர் வங்கிக் கணக்கில் 160க்குக் கிட்ட நின்று, 280க்குக் கிட்டப் போய்விட்டது.

"அண்ணை, இண்டைக்கு நல்ல றேற்" என்றார் கல்லாவில் நின்ற தம்பி.

நானும் சிரித்தபடி, "ஓம், நல்லம்" என்றேன்.

இந்தக் கட்டுரை அந்த 'நல்ல' என்ற சொல்லைப் பற்றியது. எனக்கு அந்த நேரம் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான், யாருக்கு நல்லது என்ற கேள்வி வந்தது. அதை நான் பெரிய தத்துவ விசாரமாக ஆக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். ஆனால் அடுத்த மாதம் நான் செய்த ஒரு காரியம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்கு மாதம் 300 டொலர் அனுப்புவது என் வழக்கம். அத்தான் இல்லை. மகன் ஓட்டோ ஓடுகிறான். ஏப்ரல் மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் நாலைந்து பேர் கூடி நின்று இதையே கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் சொன்னார்: "நான் இப்ப இருநூறுதான் அனுப்பிறன். அங்க போற ரூபாய் குறையேல்லைத்தானே." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த மார்ச்சில் 0.25 வீதத்திலிருந்து ஏறத் தொடங்கிய கனடிய மத்திய வங்கியின் வட்டி டிசம்பரில் 4.25 வீதத்தில் வந்து நின்றது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்த என்னைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு அறிவித்தலும் வயிற்றில் புளியைக் கரைத்தது. வேலையிடத்தில் ஓவர்ரைமையும் நிறுத்தியிருந்தார்கள். ஆகவே மே மாதத்திலிருந்து நானும் இருநூறு அனுப்பினேன். அக்காவுக்கு முன்னர் நாற்பத்தேழாயிரம் போனது. இப்போது ஐம்பத்தாறாயிரம் போனது. நூறு டொலரை மிச்சம் பிடித்தும் ஒன்பதாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறேன் என்று மனம் சொல்லியது. கஞ்சத்தனத்தைத் தாராளமாகக் காட்டுகிற கணக்கு அது. அப்படியொரு கணக்கு எல்லோருக்கும் எப்போதும் வாய்ப்பதில்லை.

அந்தக் கணக்கின் மற்றப் பாதியை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. செய்தி எல்லாமே கையில் இருந்தது. 2021 முடிவில் 2675 ரூபாய்க்கு விற்ற சமையல் வாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4860. லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் மே மாதத்தில் 420, ஜூன் கடைசியில் 470. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் ஒரு வருடத்துக்கு முந்தியதைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தது. அப்படிப் பார்த்தால் என்னுடைய ஐம்பத்தாறாயிரம், முந்திய வருட விலையில் முப்பத்து மூவாயிரம்தான். முதலில் அனுப்பியதைவிடப் பதினாலாயிரம் குறைவு. இதைக் கணிக்க ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். நான் ஐந்து மாதமாகக் கணிக்கவில்லை.

அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காசு வந்தது தம்பி" என்பாள், அவ்வளவுதான். காஸ் அடுப்பை மூலையில் தள்ளிவிட்டு ஓலையும் பன்னாடையும் பொறுக்கி எரிக்கிறாள் என்பது மருமகன் சொல்லித்தான் தெரியும். அவன் பெற்றோலுக்காக ஓட்டோவுக்குள்ளேயே இரண்டு இரவு படுத்திருக்கிறான். பிறகு கியூ ஆர் முறை வந்தபோது தொடக்கத்தில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். ஐந்து லீற்றரில் ஒருவன் எத்தனை நாள் தொழில் செய்யலாம் என்று ஓட்டோக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த நாட்களில் இங்கே எம்மவர் மத்தியில் அடிக்கடி கேட்ட வசனம் ஒன்று: "எங்கட சனத்துக்கு இதெல்லாம் பழக்கம்." நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது பொய்யல்ல. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளை ஒரு துளி பெற்றோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித் தமிழோசை கேட்டார்கள். இத்தனையும் கண்டவர்களுக்கு 2022இன் வரிசை பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

ஆனால் அதைச் சொல்ல உரிமை உள்ளவள் அக்கா. நான் 1988இலேயே வெளிக்கிட்டு வந்துவிட்டேன். ஜாம் போத்தல் விளக்கை நான் கண்ணால் கண்டதில்லை. மாதக்கணக்கில் அலைந்து வந்துசேர்ந்த அவளுடைய கடிதங்களில்தான் வாசித்தேன். அவள் பட்ட பாட்டை அவளுக்கே திருப்பிக் காட்டி, 'உனக்குப் பழக்கம்தானே, இதையும் தாங்கு' என்று சொல்வதற்கும், முதுகில் தழும்பு இருக்கிறதென்று அதே இடத்தில் இன்னுமொரு மூட்டையை ஏற்றுவதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. பொறுத்துப் பழகியவர்கள் பொறுப்பார்கள் என்று உலகம் எங்களைப் பற்றிச் சொன்னபோது எங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது.

இன்னொரு நினைவும் இதோடு சேர்ந்து வருகிறது. 1991இல் இங்கே பெரிய பொருளாதார வீழ்ச்சி. அடுத்த வருடம் கனடாவில் வேலையில்லாதோர் பதினொரு வீதத்துக்கு மேல். நான் நின்ற தொழிற்சாலையில் கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். ஏழு மாதம் ஒரு சதமும் ஊருக்கு அனுப்பவில்லை. 'இங்கே வேலையில்லை' என்று எழுதினேன். அக்கா பதில் போட்டிருந்தாள், நீ சாப்பிடுகிறாயா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று. மண்ணெண்ணெய் இல்லாத வீட்டிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. கனடாவில் ஒருவனுக்கு எப்படி வேலையில்லாமல் போகும் என்று அவள் கேட்கவில்லை. நான் எழுதிய ஒரு வரியை முழுதாக நம்பினாள். முப்பது வருடம் கழித்து, அவள் எழுதாத வரியை நான் வாசிக்க முயலவில்லை.

இனி, கொஞ்சம் கூச்சமான விசயத்துக்கு வருகிறேன்.

கொழும்பில் பெற்றோல் வரிசைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்கள் வீட்டு வரவேற்பறையில் சிரிப்பு எழுந்தது. "இப்பவாவது அவைக்கு விளங்கட்டும்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இல்லை என்று இப்போது நல்ல பிள்ளையாகச் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு மருந்தும் எண்ணெயும் மறுக்கப்பட்டபோது தெற்கில் எத்தனை பேர் கேட்டார்கள்? 2009இல் முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது கொழும்புத் தெருக்களில் வெடி கொளுத்தினார்கள். பாற்சோறு கொடுத்தார்கள். அதை மறக்கச் சொல்கிற நீதி எனக்கு வேண்டாம்.

என் சங்கடம் வேறு. அன்று திரையில் வந்தவர்கள் யார்? வெடி கொளுத்தச் சொன்னவர் வரிசையில் நிற்கவில்லை. 2022 ஜூலை 13ஆம் திகதி விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். வரிசையில் நின்று விழுந்து செத்தவர்களில் எழுபது வயதுக் கிழவர்களும் உண்டு. வரிசையில் வராதவர்களும் இருந்தார்கள். மலையகத்தில் எத்தனையோ வருடம் போராடி 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அப்போது அது ஐந்து அமெரிக்க டொலர். ஒரு வருடம் கழித்து மூன்று டொலரும் இல்லை. கோதுமை மாவின் விலையோடு ரொட்டியும் சிறுத்தது. வடக்கின் கடற்கரைகளில் 2022 ஓகஸ்ட் 22 அன்று மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது வள்ளங்கள் கரையில் கிடந்தன. 'அவை' என்று நாங்கள் சுட்டிய விரல் சுற்றி வந்து எங்கட சனத்தின் மேலேயே நின்றது. சரி, சிங்கள ஏழை மட்டும்தான் அந்த வரிசையில் நின்றான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தச் சிரிப்பு சரியா? எனக்கு அதற்கு 'ஓம்' என்று எழுதக் கை வரவில்லை. எழுதவில்லை என்பதால் நான் சிரிக்காதவனாகவும் ஆகிவிடவில்லை.

சிரிப்பாவது ஒரு நிமிடம். 2022 மார்ச் 22ஆம் திகதி மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பதினாறு பேர், குழந்தைகளோடு, படகில் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். அரிசியும் பால்மாவும் வாங்க வழியில்லாமல் வந்தோம் என்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட என் நண்பர் ஒருவர், நல்ல வாசகர், கூட்டங்களில் பேசுகிறவர், சொன்னார்: "இது பொருளாதார அகதி. உண்மையான அகதிக்கு இதாலதான் கெட்ட பெயர்."

எனக்கு எண்பதுகள் ஞாபகம் வந்தன. ஜேர்மனியிலும் சுவிசிலும் எங்களை அதே சொல்லால்தான் அழைத்தார்கள். இங்கே என்னுடைய விசாரணையிலும் எதிரில் இருந்தவர், வேலை தேடித்தானே வந்தாய் என்று மூன்று விதமாகக் கேட்டார். நான் இல்லை, இல்லை, உயிருக்குப் பயந்து வந்தேன் என்றேன். அது உண்மை. வீட்டில் ஈடு வைத்த காணியும் கலியாணம் ஆகாத தங்கையும் இருந்ததும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்று இந்தக் கடையில் றேற் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். பயத்தையும் பசியையும் தனித்தனிப் பாத்திரத்தில் வார்த்துக் காட்டு என்று கேட்ட அதிகாரியை நாங்கள் எவ்வளவு திட்டினோம். இப்போது அந்த மேசையின் மற்றப் பக்கத்தில் என் நண்பர் இருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது என்று ஏதோ சொல்லிக் கதையை மாற்றினேன்.

உண்டியல் விசயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021 கடைசியில் வங்கி தருகிற ரூபாய்க்கும் உண்டியல்காரர் தருகிற ரூபாய்க்கும் பெரிய இடைவெளி. வங்கியில் அனுப்பினால் எங்களைக் கொன்ற அரசுக்கு டொலர் போகும், ஆகவே உண்டியல்தான் கொள்கை என்றோம். டொலர் இல்லாவிட்டால் மருந்தும் வராது, அக்காவின் பிரஷர் குளிசையும் வராது என்று சிலர் சொன்னார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு, இன்றும் எனக்கு முடிவு இல்லை. ஆனால் ரூபாயைக் கைவிட்டபின் அந்த இடைவெளி சுருங்கியது. வங்கியில் அனுப்புவது லேசு என்று ஆனதும் அதே ஆட்கள் வங்கியில் அனுப்பினார்கள். கொள்கை என்ன ஆனதென்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. நான் என்னையும் கேட்கவில்லை.

ஒக்ரோபரில் திரும்ப முந்நூறு அனுப்பினேன். மருமகனிடம் விறகு விசயத்தைக் கேட்டபிறகு. அக்காவிடம், "இடையில கொஞ்சம் குறைச்சு அனுப்பிப் போட்டன்" என்றேன்.

"தெரியும்."

"ஏன் கேக்கேல்லை?"

"உனக்கும் அங்க கஷ்டமெண்டு நியூசில சொன்னவங்கள்" என்றாள். பிறகு மழை பெய்யத் தொடங்கிவிட்டது, விறகை உள்ளே எடுக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

2023 ஜூன் தொடக்கத்தில் ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தது. அமெரிக்க டொலர் முந்நூறுக்குக் கீழே வந்தது. மட்டைத்துண்டில் கனடிய டொலரின் எண் அறுபது ரூபாய்க்கு மேல் இறங்கியிருந்தது. கல்லாவில் அதே தம்பி.

"அண்ணை, இண்டைக்கு றேற் சரியில்லை. அவசரமில்லையெண்டால் ரெண்டு கிழமை பாத்து அனுப்புங்கோ."

பணப்பையைத் திறந்த கை அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அதில் ஒருவர், "ஓம், இன்னும் ஏறும், பொறுங்கோ" என்றார். ஏறினால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ஒரு கணம் அந்த மட்டையைப் பார்த்தேன். பிறகு முந்நூறை எண்ணி வைத்தேன். எண்ணும்போது மனதுக்குள் பெருக்கிப் பார்த்ததையும் சொல்லத்தான் வேண்டும்.