விடுவதெல்லாம் அருளா?

உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்று கற்பிக்காத தமிழ் இல்லம் இல்லை. ஆயினும், எது இரக்கம் என்று தெளிதல் அத்துணை எளிதன்று. இதனை எனக்கு உணர்த்தியது நூலன்று. ஒரு கெளிற்று மீன்.

படைவீரர்க்கென எழுந்து, அதனாலேயே சைனிக்புரி எனப் பெயர் பெற்றது எங்கள் குடியிருப்பு. அதற்கு அண்மையில், கழிவுநீர் கலந்து கறுத்த ஓர் ஏரிக்கரையில், ஒரு ஞாயிறு மாலை என் பேரன் தூண்டிலிட்டான். சிக்கியது முழத்திற்கு மேல் நீண்ட, மீசையுள்ள, செதிளற்ற மீன். “பாவம், விட்டுவிடு” என்றேன். அருகிலிருந்த முதிய மீனவர் தெலுங்கில் தடுத்தார்: “விடவேண்டாம் ஐயா. இது நம் ஊர் மீனன்று. மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.”

அவர் சொன்னது உண்மை. சந்தையில் ‘தாய் மாகூர்’ எனப்படும் ஆப்பிரிக்கக் கெளிறு அது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். சிறு மீன், தவளை, கழிவு என எதனையும் உண்ணும். செவுளோடு, காற்றை நேரே மூச்சாகக் கொள்ளும் உறுப்பும் அதற்கு உண்டு. ஆகவே, பிற மீன்கள் மடியும் அழுக்கு நீரிலும் அது பிழைக்கும். இந்திய அரசு அதன் வளர்ப்பைத் தடைசெய்தது. நம் நாட்டு மாகூரோ, அருகிவரும் இனமென்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் நிற்கிறது. அன்று நான் காட்ட முனைந்த இரக்கம் ஒன்றனைக் காத்துப் பலவற்றை அழித்திருக்கும்.

அவ்வாறாயின், அயல் மீனை எப்படியும் வதைக்கலாமா? ஆகாது. மீனுக்கு வலியில்லை என்று நெடுங்காலம் நம்பினோம். டிரௌட் மீனின் தலையில் ஊறுணரும் நரம்புகள் உண்டென்று பிரிட்டன் ஆய்வாளர் 2003இல் காட்டினர். அன்றியும், காற்றை மூச்சாகக் கொள்ளும் கெளிறு கரையில் எளிதில் சாகாது. சாக்கில் இட்டால் நெடுநேரம் துடிக்கும். அம்மீனவர் தலையில் ஓங்கி ஒரே அடி அடித்தார், துடிப்பு அடங்கியது. அந்தக் கடுமைக்குள்ளும் ஓர் அறம் இருந்தது.

நாட்டு மீன் சிக்கினால் முறை வேறு. கெளிற்றுக்குச் செதிளில்லை, வழவழப்பே அதன் கவசம். உலர்ந்த கையால் பற்றினால் அது கெடும். கையை நனைத்து, துடுப்பு முட்கள் குத்தாதவாறு தாங்கி, நீரினுள்ளேயே தூண்டிலைக் கழற்றி விடுதல் வேண்டும். எதிர்முள் இல்லாத தூண்டில் புண்ணைக் குறைக்கும். மாகூர் முட்டையிடும் மழைக்காலத்தில் தூண்டிலை எடுக்காதிருத்தலே நன்று.

வீடு திரும்புகையில் பேரன் கேட்டான்: “தாத்தா, நாமும் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தாமே?” அக்கேள்வி என்னைச் சுட்டது. சற்று நின்று விடை கூறினேன்: “மீன்மேல் குற்றமில்லை, அப்பா. ஊதியத்தை மட்டும் எண்ணி அதைக் கொணர்ந்து பரப்பியவர் மேலதே குற்றம். மீனுக்குத் தன் இயல்பை மாற்ற இயலாது. மனிதனுக்கு இயலும், வந்த மண்ணின் மொழியைக் கற்கலாம், அதன் நீர்நிலையைக் காக்கலாம்.”

வள்ளுவர் அருளுடைமையை 25ஆம் அதிகாரமாகவும், மெய்யுணர்தலை 36ஆம் அதிகாரமாகவும் துறவறவியல் ஒன்றனுள்ளேயே வைத்தார். உண்மை உணராத அருள் கண்ணில்லாத கை. அது தடவவும் கூடும், நெரிக்கவும் கூடும். எனவே, நீரில் வாழ்வது எதுவென்று அறியாதவன் தூண்டில் இடாதிருத்தலே முதல் அறம். இப்போது என் பேரன் ஞாயிறுதோறும் அம்மீனவரிடம் மீன்களின் பெயர்களைக் கற்கிறான். தூண்டில் வீட்டில் இருக்கிறது.